பட்டியலில் இல்லாத சட்டை

ஜூன் 2, செவ்வாய்

என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதாம். தினமும் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிவைத்து, மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும் என்று டாக்டர் கமலவேணி சொல்லிவிட்டார். தேயிலை ஏலக் கம்பெனிக்காரர் ஜனவரியில் இனாமாகக் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. ஆறாவது மாதத்தில் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

காலை: இட்லி மூன்று. மதியம்: ராகிக் களி, கீரை. மாலை: சர்க்கரை இல்லாத டீ. இரவு: சப்பாத்தி இரண்டு.

பக்கத்தில் நிறைய இடம் மிச்சமிருக்கிறது. வீணாக்க மனமில்லை. என் பெயர் குழந்தைவேலு. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் பவளம் லாண்ட்ரி என்னுடையது. பவளம் என்பது என் மனைவி பவளக்கொடி. முப்பத்தொரு வருடமாகத் துவைக்கிறேன், இதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை. டாக்டர் இதையும் படித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 4, வியாழன்

மழை. நாலு நாளாக ஒரு துணியும் காயவில்லை. அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டிக் காயவைத்ததில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வேட்டியில் புகை வாசம். அவர் முகர்ந்து பார்க்கிற ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

புது வாடிக்கை கிடைத்திருக்கிறது. எஸ்டேட் ரோட்டில் சவுக்குமரங்களுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த பங்களாவுக்கு ஆபீசர்கள் வந்திருக்கிறார்களாம். ஜீப் டிரைவர் வடமலை மூட்டையைக் கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சுக்குப் பஞ்சம் உள்ள மனுஷன்.

“மண் ஆராய்ச்சிங்க. நீங்க அங்க வர வேண்டாம். நானே கொண்டாந்து நானே எடுத்துக்கறேன்” என்றார். உள்ளே என்னென்ன துணி, எத்தனை என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தார். இந்த ஊரில் யாரும் பட்டியல் வைப்பதில்லை, வந்தபிறகுதான் ஒன்று குறைகிறது என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாலை: டீ மட்டும். சட்டைப் பையில் இருந்த எண்ணெய்க் கறை வேறு யாருடைய துணியிலிருந்தோ ஒட்டியது.

ஜூன் 8, திங்கள்

ஆளைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவேன், துணி போதும். பங்களாவில் மூன்று ஆபீசர்கள். ஒருவர் ஒட்டடைக் குச்சி, பேண்ட் அவ்வளவு நீளம். இரண்டாமவர் சட்டையில் நாலாவது பொத்தான் எப்போதும் அறுந்திருக்கிறது, அவருக்கு வயித்தழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்றாமவர் அத்தர் பிரியர், சலவைச் சோடாவில் ஊறவைத்தாலும் வாசம் போவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. மண் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பேண்டில் மண் இல்லை. இந்த மழையில் பீடி வாங்கக் கடைக்குப் போய் வருகிறவன் காலில் முழங்கால்வரை சேறு. இவர்கள் துணியில் ஒரு பொட்டு இல்லை. ஆனால் சட்டைக் கைகள் மட்டும் முழங்கைவரை நனைந்து, நாறிப்போய் வருகின்றன.

வடமலையிடம் கேட்டேன். “தண்ணி வேலைங்க” என்றார். கேட்டதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் நாக்குக்கு வலிக்கும் போலிருக்கிறது.

“மண்ணைத் தண்ணியில முக்கி முக்கிப் பாப்பாங்களாட்ட இருக்குது” என்றாள் பவளம். இருவரும் சிரித்தோம்.

ஜூன் 12, வெள்ளி

மழை. இட்லி மூன்று. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, திங்கள்

இன்று என் தொழில் திறமையைப் பற்றிக் கொஞ்சம் எழுதப்போகிறேன். டாக்டர் வேண்டுமானால் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

பங்களா மூட்டையில் பட்டியல்படி இருபத்துநாலு. எண்ணினால் இருபத்தைந்து. கூடுதலாக இருந்தது ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒட்டடைக் குச்சிக்குக் கை எட்டாது, வயித்தழகருக்கு ஏறாது, அத்தர் வாசமும் இல்லை. வலது தோளில் தையல் பிரிந்து கிழிந்திருந்தது. காலரிலும் முதுகிலும் ரத்தக்கறை. முதுகில் ஒரு சாண் அகலம். நிறத்தைப் பார்த்தால் மூன்று நாள் பழசு.

ரத்தக்கறையை எடுக்கத் தெரியாதவன் வெந்நீரில் போடுவான். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு சம்பந்தம் பேசி முடித்துவிடும். பச்சைத் தண்ணீரும் கல்லுப்பும்தான் சரி. மூன்றுமுறை ஊறவைத்தேன். மூன்றாவது தண்ணீர் நிறம் மாறாமல் வந்தது. பவளம் தோளைத் தைத்தாள். இப்போது அந்தச் சட்டையைப் பார்த்தால் கடையிலிருந்து இன்றைக்குத்தான் வந்தது என்பார்கள். இந்த மலையில் இதைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை.

காலருக்கு உள்ளே லாண்ட்ரிக் குறி இருந்தது. ஒவ்வொரு லாண்ட்ரிக்கும் ஒரு குறி உண்டு, அழியாத மசியில் போடுவது. எனக்கு ஒரு கோட்டின்மேல் மூன்று புள்ளி. இந்தச் சட்டையில் இருந்தது அரைநிலா, பக்கத்தில் 41. அரைநிலா மேட்டுப்பாளையம் ரங்கண்ணனுடையது. நான் தொழில் பழகியது அவரிடம்தான். அரைநிலாவை நானே ஆயிரம் துணியில் போட்டிருக்கிறேன். நாற்பத்தொன்று என்றால் அவருடைய நாற்பத்தொன்றாவது வாடிக்கைக்காரர்.

மேட்டுப்பாளையத்து ஆள் மண் ஆராய்ச்சி பங்களாவில் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. நாளைக்கு ரங்கண்ணனுக்குப் போன் போட்டு, உங்கள் வாடிக்கையை நான் பிடித்துவிட்டேன் என்று வெறுப்பேற்றலாம்.

மாலை: டீ மட்டும்.

ஜூன் 16, செவ்வாய்

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். அரைநிலா நாற்பத்தொன்று என்றதும் ரங்கண்ணன் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

“கத்தாத. சட்டை என்ன நெறம்?” என்றார்.

“நீலக் கட்டம்ணா.”

“போன வை. காத்தால மொத பஸ்ஸுக்கு வா. யாருகிட்டயும் பேசாத.”

வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் திட்டாமல் போனை வைத்தது இதுதான் முதல்முறை.

ஜூன் 17, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தொன்று என்பது சிக்கந்தர். ரேடியோ மெக்கானிக், முப்பது வயது. ரயில் பாலத்தில் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு மே 26ஆம் தேதி கடையிலிருந்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடையில் வயரும் பேட்டரியும் நிறைய இருந்ததாம். ரேடியோ மெக்கானிக் கடையில் பிறகு என்ன, கத்தரிக்காயா இருக்கும். அன்றிலிருந்து ஆளைக் காணோம். மனைவி ஜுலைகா சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறாள். நாங்கள் பிடிக்கவே இல்லை, அவன்தான் தலைமறைவாகிவிட்டான் என்று போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. வருகிற 26ஆம் தேதி கடைசி விசாரணை. ஆள் அவர்களிடம் இருப்பதற்கு அன்றைக்குள் ஏதாவது அத்தாட்சி காட்டாவிட்டால் மனு தள்ளுபடி. அதற்குப் பிறகு சிக்கந்தரை என்ன செய்தாலும் கேட்க யாரும் இல்லை, அவன்தான் ஓடிப்போனவன் ஆயிற்றே.

ரங்கண்ணன் நோட்டில் நாற்பத்தொன்றுக்கு நேராக அவன் பெயர் இருந்தது. ஜுலைகாவுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்து என் எதிரில் உட்காரவில்லை, நின்றாள். நான் சட்டையைப் பற்றிச் சொன்னேன்.

“ரத்தம் இருந்துச்சாண்ணே?”

“கொஞ்சமா இருந்துச்சும்மா.”

“காஞ்ச ரத்தமா?”

“மூணு நாளு இருக்கும்.”

விரல்விட்டு எண்ணினாள். “அப்ப போன வாரம் வரைக்கும் உசுரோட இருந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் எழுதவேண்டும். ரத்தம் என்று கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டதைப் பார்க்க என்னால் முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

“அந்த ரத்தத்தைக் கோர்ட்டுல காட்டுனா நம்புவாங்கள்ல?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றுமுறை ஊறவைத்தேன். மூன்றாவது தண்ணீர் நிறம் மாறாமல் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் கறை போனதற்காக நான் வருத்தப்பட்டது இன்றுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வயித்தழகர் என்று பெயர் வைத்துச் சிரித்த வாய் இது. நனைந்த சட்டைக் கைகளை நினைத்தேன். தண்ணீரில் முக்கியது மண்ணை இல்லை.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இது உண்மை.

ஜூன் 18, வியாழன்

வடமலை வந்தார். பட்டியல்படி இருபத்துநாலைக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 19, வெள்ளி

பதினோரு மணிக்கு ஜீப் மறுபடியும் வந்தது. வடமலையுடன் முன்சீட்டில் இன்னொருவர். இறங்கவில்லை, ஆனால் வயிறு கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாலாவது பொத்தானை நான் தைத்துக் கொடுத்திருந்தேன், மறுபடியும் அறுந்திருந்தது.

“மூட்டையோட நீலக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு சேந்து வந்துச்சாங்க?” என்றார் வடமலை, ஜீப்புக்குக் கேட்கும்படி சத்தமாக.

“இல்லீங்களே. பட்டியல்ல இருந்ததுதான் வந்துச்சு.”

கடைக்குள் வந்து அலமாரி, கூடை, கொடி எல்லாம் பார்த்தார். சட்டை எங்கே என்று எனக்கும் தெரியாது. பவளத்திடம்தான் ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தேன். அவர் பின்வாசலுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பவளம் துவைகல்லில் நின்று தேயிலைக் கம்பெனிப் போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நிற்கிற பொம்பளைகள் எல்லோரையும் போலப் புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு.

நீலக் கட்டம்.

எனக்கு ரத்தத்தில் இருந்த சர்க்கரையெல்லாம் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டது. வடமலை அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பவளம் ஒரு கணம்கூட நிறுத்தாமல் போர்வையை அடித்தாள்.

“இங்க இல்ல போல” என்றார் அவர். திரும்பிப் போகும்போது என் பக்கம் குனிந்து, “அக்காவ மழையில ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்னு சொல்லுங்க. உள்ள போகச் சொல்லுங்க” என்றார்.

ஜீப் போனபிறகு பவளத்திடம் சொன்னேன், “ஏதோ நல்ல மனுஷன், கண்ணுதான் சரியில்ல. ஆனா உனக்குக் குளிருமேன்னு கவலைப்படறாரு.”

“கண்ணு சரியில்லாதது யாருக்குனு எனக்குத் தெரியும்” என்றாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை.

ஜூன் 22, திங்கள்

கோயமுத்தூரில் ஜுலைகாவின் வக்கீல் ஆரோக்கியமேரியைப் பார்த்தோம். சிறிய உருவம், பெரிய குரல். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரைநிலாவும் 41ம் ரங்கண்ணன் நோட்டோடு பொருந்தியதைப் பார்த்துத் தலையாட்டினார்.

“கறை எங்க?”

“போக்கிட்டேங்க மேடம்.”

“முழுசாவா?”

“முழுசாங்க. நான் செஞ்சா முழுசாத்தான் இருக்கும்.”

நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அப்போது பவளம், “இவர் ஒண்ணு செஞ்சா அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதாம இருக்கமாட்டாருங்க” என்று பையிலிருந்து இந்த டைரியை எடுத்து நீட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. வக்கீல் 15ஆம் தேதிப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தார். மூட்டை வந்த தேதிகள், நனைந்த கைகள், ஒரு சாண் அகலம், பச்சைத் தண்ணீர், கல்லுப்பு.

“இது தங்கம்” என்றார். “26ஆம் தேதி நீங்களே சென்னைக்குக் கொண்டுவாங்க. ஒரு எழுத்து அடிக்கக்கூடாது, ஒரு எழுத்து சேக்கக்கூடாது. இதுல இருக்கறதெல்லாம் உண்மைதான?”

“தொண்ணூறு சதவீதங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 24, புதன்

எதையும் அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அடிக்கவில்லை. ஆனால் 4ஆம் தேதி, 15ஆம் தேதி “டீ மட்டும்” என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பேனாவை எடுக்கிறேன், மறுபடியும் மூடிவைக்கிறேன். ஒரு பொய் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பொய் என்று சொல்லிவிட மாட்டார்களா. ஒரு மனுஷனுடைய உயிர் டீயோடு நான் தின்ற போண்டாவில் தொங்குகிறது.

பவளமும் முழுவதும் படித்துவிட்டாள். இரவு சப்பாத்தி இரண்டு, பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 26, வெள்ளி

இதை நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். டைரி கோர்ட்டில் இருக்கிறது.

இரண்டு நீதிபதிகள். அரசு வக்கீல் நல்ல துணி உடுத்தியிருந்தார், கஞ்சி மட்டும் கொஞ்சம் அதிகம். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். அரைநிலாக் குறியைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். யார் வேண்டுமானாலும் ஒரு சட்டையில் குறி போடலாமே என்றார் அரசு வக்கீல். புது மசி கறுப்பாக இருக்கும், இருபது சலவை பட்டது பழுப்பாகி நூலுக்குள் இறங்கியிருக்கும், தொட்டுப் பாருங்கள் என்றேன். மூத்த நீதிபதி தொட்டுப் பார்த்தார்.

அடுத்து அரசு வக்கீல் டைரியை எடுத்துக்கொண்டார்.

“இந்த டைரியை உங்க டாக்டருக்காக எழுதுறீங்க.”

“ஆமாங்க.”

“இதுல பொய் எழுதியிருக்கீங்களா?”

பின்னால் பவளம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஜுலைகா. ஆரோக்கியமேரி என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

“எழுதியிருக்கேனுங்க” என்றேன். “போண்டா. 4ஆந் தேதி ரெண்டு, 15ஆந் தேதி மூணு, கூட ஒரு ஜிலேபி. எதையும் எழுதலீங்க. டீ மட்டும்னு எழுதிட்டேன். நான் சாப்பிட்டதைப் பத்தித்தானுங்க பொய் சொல்லுவேன். துணியைப் பத்திச் சொன்னதில்லீங்க. வடமலை வந்து கேட்டப்ப சட்டை இல்லைன்னு சொன்னதுதான் மொதப் பொய்யி. அதையும் அப்படியே எழுதியிருக்கேன், பாருங்க.”

இளைய நீதிபதி கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. டைரியை வாங்கி 15ஆம் தேதிப் பக்கத்தைத் தாமே சத்தமாகப் படித்தார். மூன்றாவது தண்ணீர் நிறம் மாறாமல் வந்தது என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி அரசு வக்கீலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாவட்ட நீதிபதி இன்றைக்கே அந்த பங்களாவுக்குள் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவு. சட்டையை வக்கீலிடமே கொடுத்துவிட்டார்கள். டைரியைத் தரவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

பங்களா காலி. தரை கழுவியிருந்ததாம், ஒரு அறைக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததாம். சிக்கந்தரை வெள்ளிக்கிழமை மாலை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்ததாகச் சொல்லிக் கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதமாக ஓடி ஒளிந்தவன், ஐகோர்ட் உத்தரவு போட்ட மூன்றாவது மணியில் பஸ்ஸுக்கு நின்றானாம். என் போண்டாப் பொய் எவ்வளவோ தேவலை.

ஆனால் உயிரோடு இருக்கிறான். ஜுலைகா கண்ணால் பார்த்திருக்கிறாள். ரங்கண்ணன் போனில் சொல்லிவிட்டு அழுதார், பிறகு வழக்கம்போலத் திட்டினார்.

ஜூலை 2, வியாழன்

டாக்டர் கமலவேணி டைரி எங்கே என்று கேட்டார். ஐகோர்ட்டில் இருக்கிறது என்றேன். சாக்குச் சொல்வதற்கும் ஒரு அளவு உண்டு என்றார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இன்று வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

சாயங்காலம் சிக்கந்தர் வந்தான். ஜாமீன் கிடைத்து ஐந்து நாள் ஆகிறது. ஜுலைகா கூட வந்தாள். நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்ன ஆள். தோளைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தான். சட்டையை ஆரோக்கியமேரியிடம் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். துவைக்க வந்த துணி துவைத்தவன் கையிலிருந்துதான் போகவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். மறுபடியும் தேய்த்து, தாளில் மடித்து, நூல் கட்டி வைத்திருந்தேன்.

“டிரைவருதாண்ணே சட்டையக் கழட்டச் சொன்னாரு” என்றான். “துவைக்கப் போடறேன்னாரு. இந்த எடத்துல எதுக்குடா துவைச்ச சட்டைன்னு நெனச்சேன். அப்பறம் காலரைத் திருப்பிப் பாத்துட்டு, இது எந்த லாண்ட்ரின்னு கேட்டாரு.”

பவளம் என்னைப் பார்த்தாள். பட்டியலில் எழுதாமல் ஒரு சட்டையை மூட்டைக்குள் வைத்தது யார், மழையில் நிற்கவேண்டாம் என்று சொன்னது ஏன் என்று இரண்டு மாதம் கழித்து எனக்குப் புரிந்தது. வடமலை இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இங்கேயே போட்டுக்கொள்கிறேன் என்றான் சிக்கந்தர். சால்வையை எடுத்தாள் ஜுலைகா. சட்டையை வாங்கக் கையை நீட்டினான். கை இடுப்புக்கு மேலே வரவில்லை. இரண்டுமே வரவில்லை. கையைப் பின்னால் கட்டி, மேலே தூக்கிக் கட்டிவிட்டார்களாம். சரியாக ஒரு வருடம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவன் அதை ரேடியோ ரிப்பேரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

எத்தனையோ ஆயிரம் சட்டை துவைத்திருக்கிறேன், யாருக்கும் போட்டுவிட்டதில்லை. முதலில் வலது கையை நுழைத்தேன், பவளம் தைத்த தோள் வழியாக, மெதுவாக. பிறகு இடது கை. பொத்தான் போடும்போது எனக்கு அழுகை வந்தது, அழுதேன். காலரை மடித்துவிட்டேன். அரைநிலா உள்ளே போனது.

இன்று மாலை: போண்டா இரண்டு. ஒன்று நான் சாப்பிட்டேன். இன்னொன்றைப் பிட்டுப் பிட்டு அவனுக்கு ஊட்டிவிட்டேன். டாக்டர் படித்துக்கொள்ளட்டும்.